உயிரியல் நோட்டின் பின்பக்கம்

ஜூலை 6, ஞாயிறு

விடுதியில் டைரி வைத்திருக்கக் கூடாது. போன மாதம் பதினோராம் வகுப்பு அக்கா ஒருத்தியின் டைரியை வார்டன் செல்வநாயகி மேடம் எடுத்து, சாப்பாட்டு வரிசையில் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தார். அந்த அக்கா இரண்டு நாள் சாப்பிட வரவில்லை. அதனால் நான் உயிரியல் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்னாலிருந்து பாடம் வரும், பின்னாலிருந்து நான் வருவேன். அருள்மொழி மிஸ் பருவத்துக்கு ஒருமுறைதான் நோட்டு வாங்கித் திருத்துவார். அதற்குள் இந்தப் பக்கங்களைக் கிழித்துவிடுவேன்.

விளக்கணைத்த பிறகு பெட்டி அறைக்கு வந்துவிட்டேன். எல்லோருடைய டிரங்குப் பெட்டிகளும் இங்கேதான் இருக்கின்றன. வராந்தா விளக்கின் வெளிச்சம் மேல் ஜன்னல் வழியாக விழுகிறது. காற்று திரும்பினால் கோழிப்பண்ணை வாடை வருகிறது. மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டால் என் கை நின்றுவிடும். ஏதாவது எழுத்து பாதியில் நின்றிருந்தால் அதுதான் காரணம்.

இன்று பெற்றோர் வரும் ஞாயிறு. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருடைய அப்பா அம்மாவும் தூக்குப் பாத்திரத்தோடு வந்து, மைதானத்து வேப்பமரங்களுக்கு அடியில் பாய் விரித்து, பிள்ளைகளுக்குச் சோறு போடுவார்கள். யாரும் வராதவர்கள் உணவுக்கூடத்தில் தயிர்சாதம் சாப்பிட வேண்டும். இன்று ஏழு பேர் சாப்பிட்டோம். ஆறு பேருக்குக் காரணம் இருந்தது. ஒருத்தியின் அப்பா துபாயில், ஒருத்தியின் அம்மாவுக்குப் பிரசவம், இப்படி.

எங்கள் வீட்டிலிருந்து டிரைவர் துரைசாமி அண்ணன் ஒரு பை கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். சாக்லேட்டும் புது ஷூவும். ஷூ ஏழாம் வகுப்பில் நான் போட்ட அளவு.

உணவுக்கூடத்துச் சுவரில் பளிங்குக் கல் இருக்கிறது. 'திருப்பூர் திரு. கனகராஜ், திருமதி சுகந்தி ஆகியோரின் நன்கொடை.' அதற்கு நேர் கீழேதான் எனக்கு இடம் கிடைத்தது.

என் அறையில் இருக்கும் தர்ஷினியிடம், என் அம்மா காலையிலேயே வந்துவிட்டுப் போனதாகச் சொன்னேன்.

ஜூலை 14, திங்கள்

என் பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். பெயர் மாதேஸ்வரி. திருச்செங்கோட்டுப் பக்கம் ஏதோ ஊர். அரசுப் பள்ளியில் முதலாவதாக வந்ததால் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொண்டார்களாம். ஐந்தாவது ரேங்குக்குக் கீழே போனால் அனுப்பிவிடுவார்களாம். தர்ஷினி அவளிடம், "ஓசி சீட்டா?" என்று கேட்டாள். "ஆமா. நீ காசு கட்டியும் முப்பத்தெட்டாவது ரேங்காமே?" என்றாள் மாதேஸ்வரி. அறை முழுவதும் சிரித்தது. எனக்குப் பயமாக இருந்தது. அப்படிப் பேசினால் அடுத்து என்ன நடக்கும் என்று இவளுக்குத் தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

மாலையில் போன் நேரம். ஆளுக்கு மூன்று நிமிடம். அம்மா எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். அதனால் பேசினேன். "சரிம்மா, சாப்பிட்டேன்மா, நல்லா படிக்கிறேன்மா, நீங்க உடம்பைப் பார்த்துக்கோங்க." அம்மா ஜூன் மாதத்திலிருந்து கோவை ஃபிளாட்டில் இருக்கிறார். அங்கே வேலை அதிகம்.

எனக்கு அடுத்தது மாதேஸ்வரி. போனை அவள் கையில் கொடுத்தபோதும் மணி அடித்துக்கொண்டிருந்தது. வைக்க மறந்துவிட்டேன். அவள் காதில் வைத்துப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். வைத்துவிட்டு அவள் அப்பாவை அழைத்தாள்.

நாளைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சாப்பிடவில்லை.

ஜூலை 21, திங்கள்

மாதேஸ்வரி யாரிடமும் சொல்லவில்லை. துணி காயப்போடும் இடத்தில் என்னிடம் மட்டும் வந்து சொன்னாள். "அடுத்த வாரம் பேசறப்ப நடுவுல கொஞ்சம் நிறுத்தோணும் புள்ள. எதிர்ல இருக்கறவங்க மூச்சு விடவாவது நேரம் குடு. நீ பாட்டுக்கு ஒப்பிக்கற."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. அவள் பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 27, ஞாயிறு

அவளுடைய மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடத்தை எனக்குக் கொடுத்தாள். அவள் அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியில் சத்தீஸ்கரில் இருக்கிறார். வருடத்துக்கு இரண்டு முறைதான் ஊருக்கு வருவாராம். "யாரு, சம்யுக்தாவா? சோறு உண்டியா சாமி?" என்றார். பின்னால் இயந்திரச் சத்தம். உண்டேன் என்றேன். "என்ன கொழம்பு?" என்றார். இதுவரை யாரும் என்னிடம் என்ன குழம்பு என்று கேட்டதில்லை. எனக்கு மறந்துபோயிருந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பெற்றோர் வரும் ஞாயிறு. துரைசாமி அண்ணன்கூட வரவில்லை. தயிர்சாதத்துக்குப் போகாமல் படிப்பு அறையில் பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். மாதேசு தேடிப் பிடித்துவிட்டாள். "எந்திரி. எங்கம்மா கூப்பிடுது."

அவள் அம்மா கோழிப்பண்ணையில் முட்டை தரம் பிரிக்கும் வேலை செய்கிறார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நான் "வணக்கம் ஆன்ட்டி" என்றேன். மாதேசு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆன்ட்டியாம்! யாரக் கூப்பிடறான்னு எங்கம்மா திரும்பிப் பாக்குது பாரு. அத்தைன்னு கூப்புடு."

தூக்கில் முட்டைக் குழம்பு. தனியாக அவித்த முட்டை. அதற்கு மேல் முட்டைப் பொரியல். பண்ணையில் கீறல் விழுந்த முட்டைகளை வேலை செய்பவர்களுக்குக் கொடுத்துவிடுவார்களாம். "எங்கூட்ல பொறந்த நாளுக்கும் முட்டை, காச்சலுக்கும் முட்டை. கோழியப் பாத்தாலே எனக்குக் கோவம் வரும்" என்றாள் மாதேசு.

நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். இன்னும் கேட்கக் கூச்சமாக இருந்தது. "விருந்துக்கு வந்த ஒறம்பரையாட்ட என்ன கூச்சம்? தட்டை நீட்டு சாமி" என்று அத்தை கரண்டியைத் தூக்கினார்.

தர்ஷினியின் அம்மா எங்களைத் தாண்டிப் போகும்போது, "கனகராஜ் சார் பொண்ணுதானே? இங்க ஏன் உக்காந்திருக்கா?" என்று யாரிடமோ கேட்டது காதில் விழுந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

வாரத் தேர்வு ரேங்க் அட்டையில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அம்மாவின் கையெழுத்தை நான்தான் போடுகிறேன். முதலில் சுழி சரியாக வரவில்லை. இப்போது அம்மாவே போட்டால்தான் வித்தியாசமாக இருக்கும்.

இதை மாதேசுவிடம் சொல்லவில்லை. அவள் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

அத்தை எனக்கும் சேர்த்து எண்ணெய் வைத்துத் தலை பின்னிவிட்டார். என் தலையை யாராவது தொட்டு எவ்வளவு நாள் ஆயிற்று என்று யோசித்தேன். போன வருடம் காய்ச்சலில் நர்ஸ் தொட்டார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சனிக்கிழமை முதல் காலாண்டு விடுமுறை. விடுதியைப் பூட்டிவிடுவார்கள். அம்மா இன்று போனை எடுத்தார். "இந்தத் தடவை அப்பாகிட்ட போயிடு சம்யு, வண்டி அனுப்புவாரு. நான் மீட்டிங்ல இருக்கேன்" என்றார். மேடத்திடம் கெஞ்சி இன்னொரு நிமிடம் வாங்கி அப்பாவை அழைத்தேன். "அம்மா வந்து கூட்டிட்டுப் போவா. அவகிட்டதான் இந்த லீவு" என்றார். "அம்மா உங்களைச் சொல்றாங்கப்பா" என்று சொல்ல நினைத்தேன். அப்பாவிடம் பேசும்போது நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். "சரிப்பா" என்றேன்.

கோடை விடுமுறையில் திருப்பூர் வீட்டில் இருபது நாள் வாட்ச்மேனும் நானும் சமையல்காரம்மாவும் மட்டும் இருந்தோம். ஒரு நாள் சமையல்காரம்மாவும் வரவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆனால் எல்லோரும் போன பிறகு பெட்டியோடு வாசலில் நிற்க என்னால் முடியாது.

செப்டம்பர் 23, செவ்வாய்

விடுமுறைக்குத் தன் வீட்டுக்கு வரும்படி மாதேசு நேற்றுக் கூப்பிட்டாள், வீட்டிலிருந்து கடிதம் இருந்தால்தான் மேடம் விடுவார். எழுதிவிட்டேன். 'என் மகள் சம்யுக்தாவை மாதேஸ்வரியின் தாயாருடன் அனுப்பிவைக்கச் சம்மதிக்கிறேன்.' கீழே அம்மாவின் கையெழுத்து. எழுதும்போது மாதேசு தூங்கிக்கொண்டிருந்தாள். பெட்டி அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். முதலில் இதே பக்கத்தின் ஓரத்தில் நான்கு முறை போட்டுப் பார்த்தேன்.

செப்டம்பர் 24, புதன்

கடிதத்தைத் துரைசாமி அண்ணன் வாசலில் கொடுத்துவிட்டுப் போனதாக மாதேசுவிடம் சொன்னேன். "நெசமாவா? உங்கம்மா சரின்னுட்டாங்களா?" என்று என்னைத் தூக்கிச் சுற்றினாள். நானே கொண்டுபோய் மேடத்திடம் கொடுத்தேன். கையெழுத்தை ரேங்க் அட்டையோடு வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. சரியாகத்தானே இருக்கும்?

செப்டம்பர் 28, ஞாயிறு

மாதேசு வீடு. ஓர் அறையும் சமையலறையும். நோட்டை வீட்டுப்பாடத்துக்கு என்று கொண்டுவந்திருக்கிறேன். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். இங்கே ஒளிந்து எழுத வேண்டியதில்லை. இருந்தாலும் பழக்கம்.

சாப்பிடும்போது போனை ஒரு சொம்பின்மேல் சாய்த்துவைக்கிறார்கள். அதில் சத்தீஸ்கரிலிருந்து மாமா தெரிவார். அவரும் அங்கே வண்டிக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடுவார். நான்கு பேரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். படம் நின்று நின்று வரும். "அப்பா வாயத் தொறந்தபடியே நின்னுட்டாரு பாரு, ஒரு முட்டையப் போட்ரலாமா?" என்றாள் மாதேசு. எனக்குப் புரை ஏறிவிட்டது. அத்தை தலையில் தட்டினார். "யாரோ உன்னய நெனைக்கறாங்க சாமி."

யார் என்று யோசித்தேன். இரண்டு நாள் ஆகிறது. அத்தையின் எண்ணைக் கடிதத்தில் எழுதியிருந்தேன். அப்பாவோ அம்மாவோ மேடத்திடம் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். யாரும் அழைக்கவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

நான்கு நாள். நாளை ஆயுத பூஜை.

அக்டோபர் 2, வியாழன்

திருப்பூர் வீடு. குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அப்பாவின் கம்பெனியில் நாங்கள் மூன்று பேரும் பட்டு உடுத்தி முன்வரிசையில் உட்காருவோம். தொழிலாளர்களுக்கு நான்தான் பொரியும் இனிப்பும் எடுத்துக்கொடுப்பேன். நேற்றுக் காலை அம்மா கோவையிலிருந்து தனியாகக் காரில் வந்து இறங்கினாராம். "சம்யு எங்க, இன்னும் ரெடியாகலயா?" என்று அப்பாவிடம் கேட்டாராம். அப்பா, "உன்கூடத்தானே வரணும்?" என்றாராம். நானூறு பேர் பொரிக்காகக் காத்திருந்தார்களாம். மேடத்துக்குப் போன் செய்துதான் நான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்களாம். துரைசாமி அண்ணன்தான் சொன்னார்.

மதியம் இரண்டு கார்கள் மாதேசு வீட்டு வாசலில் வந்து நின்றன. அப்பா ஒன்றில், அம்மா ஒன்றில். பட்டுப் புடவையிலேயே வந்திருந்தார். நானும் மாதேசுவும் அவளுடைய சைக்கிளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தோம்.

அப்பா அத்தையிடம், "என் பொண்ண எதுக்கு இங்க கொண்டுவந்து வெச்சிருக்கே? என்ன எதிர்பார்த்து?" என்றார்.

"என்னத்த எதிர்பாக்கறதுங்க? லெட்டர் குடுத்தீங்க. லீவு விட்டாங்க. கூட்டிட்டு வந்தேனுங்க."

"எந்த லெட்டர்?"

அத்தை என்னைப் பார்த்தார். மாதேசுவும் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவள் கையில் சந்தனக் கிண்ணம் அப்படியே இருந்தது.

தெரு முழுக்க ஆட்கள் நிற்கும்போது அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டார்கள். "உங்ககிட்ட இருக்கான்னு நெனச்சேன்." "அஞ்சு நாளா ஒரு போன் பண்ணிப் பாக்கத் தெரியாதா?" "நீங்க பண்ணினீங்களா?" இதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். என் பையைத் துரைசாமி அண்ணன் எடுத்துக்கொண்டார். "லீவு விட்ட அன்னிக்கே நான் போய்க் கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டேன் பாப்பா. வேண்டாம்னுட்டாங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

எந்தக் காரில் ஏறுவது என்று தெரியாமல் நின்றேன். அப்பாவின் கார் கதவு திறந்திருந்தது. ஏறினேன். திருப்பூர் வரும்வரை அப்பா பேசவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 4, சனி

அப்பா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "அந்தப் பொண்ணு எழுதச் சொல்லித்தான் நீ எழுதின. பிரின்சிபால் கேட்டா அப்படித்தான் சொல்லணும். இல்லன்னா பெத்தவங்க ரெண்டு பேரும் உன்னை விட்டுட்டோம்னு ஊர் பேசும். புரியுதா?"

தலையாட்டினேன்.

அக்டோபர் 6, திங்கள்

விடுதி திறந்தது. முதல்வர் அறையில் விசாரித்தார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை.

மாதேசுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த திங்கள் மாலை நிர்வாகக் கூட்டம். அதுவரை அவள் வரக் கூடாது. பக்கத்துக் கட்டிலில் போர்வை மடித்தபடியே இருக்கிறது.

அக்டோபர் 8, புதன்

திங்கட்கிழமைப் பக்கத்தில் நடந்ததை முழுவதும் எழுதவில்லை.

மாதேசு முதல்வரிடம், "சார், சம்யுவோட அம்மாதான் எழுதிக் குடுத்தாங்கன்னு நெனச்சேன். சத்தியமா எனக்குத் தெரியாது" என்றாள். அப்பா, "எங்க பொண்ணுக்கு அவங்கம்மா கையெழுத்தப் போட எப்படித் தோணும்? பக்கத்துல உக்காந்து போட வெச்சிருக்காங்க. வசதியான பிள்ளையாப் பாத்து ஒட்டிக்கிட்டா" என்றார். முதல்வர் என்னைப் பார்த்து, "இவ சொல்லித்தான் எழுதினியாம்மா? ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லு" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அது நான் போட்ட கையெழுத்து என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று வருடமாக ஒரு ரேங்க் அட்டையில்கூட அவர் கையெழுத்துப் போட்டதில்லை. யார் போட்டார்கள் என்று ஒருமுறையாவது யோசித்திருக்க வேண்டும். அம்மா போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார்.

நான் பேசாமல் இருக்கவில்லை. தலையாட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

மாதேசு அழவில்லை. வெளியே போகும்போது என் பக்கத்தில் வந்து, "பயந்துட்டியா?" என்று மட்டும் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. போனை வாங்கிக் காதில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாளே, அன்றைக்கு மாதிரியே பார்த்தாள்.

அக்டோபர் 10, வெள்ளி

தர்ஷினி என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். "அந்த மாதிரி ஆளுங்ககூட எல்லாம் சேரக் கூடாதுன்னு எங்கம்மா அப்பவே சொன்னாங்க" என்றாள். நான் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

விடுமுறையால் தள்ளிப்போன பெற்றோர் ஞாயிறு இன்று. யாரும் வர மாட்டார்கள் என்று தெரியும். பளிங்குக் கல்லுக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக வாசல் தெரிந்தது. அத்தை நின்றுகொண்டிருந்தார். கையில் தூக்கு.

முதல்வரைப் பார்க்க வந்திருக்கிறார். நாளைக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று. காலை ஒன்பது மணியிலிருந்து நிற்கிறாராம். முதல்வர் பார்க்கவில்லை. மதியம் இரண்டு மணிக்கு நான் போனேன். போக வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. கால் போய்விட்டது. கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். "எளைச்சுட்டியே சாமி" என்றார்.

தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "மாதேசு படுத்தே கெடக்கறா. பழைய பள்ளிக்கூடத்துல இனிச் சேத்துக்குவாங்களான்னு தெரீல. பேர் கெட்டுப்போச்சுல்ல. நீ ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாங்க. சொல்ல முடியலீன்னாலும் உன்மேல எனக்குக் கோவமில்ல. நீயும் கொழந்ததான்." பிறகு தூக்கைக் கம்பி வழியாக நீட்டினார். "அங்க எங்க கண்ணு இன்னிக்கு தயிர்சாதந்தானே போடுவாங்க? இதை உண்ணு. பாத்திரத்தக் காவல்காரர்கிட்டக் குடுத்துரு, நான் இங்கதான் நிப்பேன்."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. உள்ளே வந்து, பளிங்குக் கல்லுக்குக் கீழே உட்கார்ந்து, முழுவதையும் சாப்பிட்டேன். முட்டைக் குழம்பு. பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தேன். அதைத் தவிர அத்தைக்கு நான் எதுவும் செய்யவில்லை.

நாளைக் காலை முதல் வகுப்பில் அருள்மொழி மிஸ் உயிரியல் நோட்டுகளை வாங்குகிறார். இந்தப் பக்கங்களைக் கிழிக்கத்தான் பெட்டி அறைக்கு வந்தேன். இரண்டு தாள்களைப் பிடித்து இழுக்கவும் ஆரம்பித்தேன். செப்டம்பர் 23-ஆம் தேதிப் பக்கம் வந்தது. ஓரத்தில் அம்மாவின் கையெழுத்து நான்கு முறை.

கிழிக்கப்போவதில்லை.

மிஸ், எனக்கு யார் முன்னாலும் பேச வராது. எழுத மட்டும்தான் வரும். முன்னாலிருந்து பாடம் எழுதியிருக்கிறேன், பின்னாலிருந்து இதை எழுதியிருக்கிறேன். இரண்டும் இப்போது ஏறக்குறைய சந்தித்துவிட்டன. அடுத்த பக்கத்தில் எலும்புத் திசுவின் படம் இருக்கிறது, அதற்கு நான் இன்னும் பெயர் குறிக்கவில்லை. பாடத்துக்கு மதிப்பெண் போட வேண்டாம். நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். மாலைக் கூட்டத்துக்கு முன்னால் படியுங்கள். அந்தக் கடிதம் எழுதியபோது மாதேஸ்வரி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. நான் அவளிடமும் பொய் சொன்னேன்.

இதைப் படித்ததும் அப்பாவுக்குப் போன் போகும் என்று எனக்குத் தெரியும். என்னை இந்தப் பள்ளியிலிருந்து எடுத்துவிடுவார்கள். எந்த வீட்டுக்கு என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். மாதேசுவைத் திரும்பச் சேர்த்துக்கொண்டாலும் அந்த நேரத்தில் நான் இங்கே இருக்க மாட்டேன். மிகவும் பயமாக இருக்கிறது, மிஸ். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கிறது.

போய்விட்டது.

கீழே கையெழுத்துப் போட வேண்டும் என்று இவ்வளவு நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் கையெழுத்துதான் வருகிறது. எனக்கென்று ஒன்றை நான் பழகவே இல்லை. அதனால் பெயரை முழுதாக எழுதுகிறேன்.

க. சம்யுக்தா
ஒன்பதாம் வகுப்பு